நாங்கூழ்: அடுக்களைக் கழிவும் மண்ணின் மீட்சியும்

அரபிக் கல்லூரிகளின் தொடக்க வகுப்புகளில் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹுச் சட்டங்களைக் கற்பிக்கப் பயன்படும் சிறு நூல்களுள் 'ஸஃபீனத்துன் நஜா' குறிப்பிடத்தக்கது. ஹளரமவ்த் நாட்டைச் சேர்ந்த ஷைகு ஸாலிம் இப்னு ஸுமைர் (மறைவு: ஹிஜ்ரி 1271) இயற்றிய இந்நூலில், நஜீஸான பொருள்களுள் தூய்மையடையக்கூடியவை மூன்று என்று ஒரு பட்டியல் வருகிறது. முதலாவது, தானாகவே காடியாக மாறிவிட்ட மது. இரண்டாவது, பதனிடப்பட்ட, செத்த பிராணியின் தோல். மூன்றாவது, உயிருள்ள பிராணியாக மாறிவிட்ட பொருள்.

இப்பட்டியலை மனனம் செய்யும் மாணவர்கள் முதலிரண்டையும் எளிதில் விளங்கிக் கொள்கின்றனர். காடி, சமையலறையில் உள்ள பொருள். தோல் பதனிடுதலோ வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் வாழும் நமக்குப் பல தலைமுறைகளாகச் சோறிட்டு வரும் தொழில். மூன்றாவதே மாணவர்களைத் தயங்க வைக்கிறது. அழுகிய பொருள் எவ்வாறு உயிராக மாறும் என்று அவர்கள் வினவுகின்றனர். பிக்ஹு நூல்களின் விரிவுரையாளர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு புழு.

அழுகலிலிருந்து புழு தானே தோன்றுகிறது என்பது பண்டைய உலகம் முழுவதும் நிலவிய கருத்தாகும். இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668ஆம் ஆண்டு, இறைச்சியை மெல்லிய துணியால் மூடி வைத்துப் பார்த்து, ஈக்கள் முட்டையிட்டாலன்றி அதில் புழு உண்டாவதில்லை என்று நிறுவினார். ஆயினும், அழுகலை உண்ட புழுவின் உடலாக அவ்வழுகல் மாறிவிடுகிறது என்பதும், அவ்வுடல் வேறொரு பொருள் என்பதும் மாறாத உண்மைகளே. கழிவு, கழிவாகவே நின்றுவிடுவதில்லை. இறைவன் வகுத்த நியதியின்படி அது வேறொன்றாகிறது. அந்நியதியை நம் வீட்டுக் கொல்லையிலேயே இயங்கச் செய்யும் முறைதான் மண்புழு உரம் தயாரித்தல். அதன் அறிவியலையும், செய்முறையையும், அது தொடர்பாக எழும் மார்க்க ஐயங்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் நாட்டின் மண்

வேலூர் மாவட்டத்திலுள்ள அணைக்கட்டு, ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டிய வட்டாரம். முதன்மையாக இது உழவின் ஊர். நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையும் நிலக்கடலையும் விளையும் பூமி. இதன் அருகே பள்ளிகொண்டாவைத் தொட்டுச் செல்லும் பாலாற்றின் கரைகளிலோ, மேற்கில் ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கிக் கிழக்கில் ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. 2019ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் இவ்வூர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் அமைந்துவிட்டன. எனினும் ஆறும் நிலத்தடி நீரும் மாவட்ட எல்லைகளை அறியா.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. பின்னர் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. தோல் கெடாதிருக்க இடப்படும் சாதாரண உப்பும், பதனிடும் இரசாயனங்களும் கழிவு நீரில் கலந்து கிணறுகளையும் வயல்களையும் பாழ்படுத்தின. இது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், பாலாற்றுப் பகுதி மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீட்டில் புழு உரம் தயாரிப்பதால் குரோமியம் கலந்த நிலம் சீராகிவிடும் என்று யாரேனும் கூறினால் அது மிகைக் கூற்றாகும். தொழிற்சாலையின் பொறுப்பைத் தொழிற்சாலைதான் ஏற்க வேண்டும். ஆனால் நம் அடுக்களையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவின் பொறுப்பு நம்முடையது. வெங்காயச் சருகும் கீரைத் தண்டும் வாழைப்பழத் தோலும் பாலித்தீன் பைக்குள் கட்டப்பட்டு ஆற்றுப் படுகையிலும் ஏரிக் கரையிலும் வீசப்படும்போது, அவை காற்றின்றி அழுகி நாற்றத்தையும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகின்றன. அதே கழிவு ஒரு தொட்டிக்குள் புழுக்களுக்கு உணவானால் இரு மாதங்களில் கரிய, மணமுள்ள எருவாகிறது. உப்பாலும் இரசாயனத்தாலும் களைத்துப்போன மண்ணுக்கு நம்மால் திருப்பிக் கொடுக்கக்கூடியது இதுவே.

புழுவை அறிந்தவர்கள்

மண்புழுவைத் தமிழர் 'நாங்கூழ்' என்றும், சித்த மருத்துவர் 'பூநாகம்' என்றும் வழங்கினர். யூனானி மருத்துவ நூல்களில் இதற்கு 'கராத்தீன்' என்று பெயர். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதன் மருத்துவப் பயனைக் குறிப்பிட்டுள்ளார். இக்கால அரபியில் இது 'தூதத்துல் அர்ள்' எனப்படுகிறது. இச்சொல்லுக்கு நெருங்கியதான 'தாப்பத்துல் அர்ள்' என்னும் தொடர் திருக்குர்ஆனின் ஸபஉ அத்தியாயத்தில் 14ஆம் வசனத்தில் வருகிறது. நபி ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை அரித்த உயிரி அது. சிலர் இதனை மண்புழு எனக் கருதுவதுண்டு. விரிவுரையாளர்கள் இதற்குக் கறையான் என்றே பொருள் கொண்டுள்ளனர் என்பதும், மரத்தை அரிப்பது மண்புழுவின் இயல்பன்று என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கன.

எருவைப் பற்றிய ஆய்வு இஸ்லாமிய நாகரிகத்துக்குப் புதிதன்று. ஸ்பெயினில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துலைத்துலா நகரத்து இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இஷ்பீலிய்யா நகரத்து இப்னுல் அவ்வாமும் வேளாண்மை குறித்துப் பெருநூல்கள் இயற்றினர். மண் வகைகளையும் எரு வகைகளையும் அவர்கள் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தனர். புதிய சாணத்தைவிடப் பழுத்து முதிர்ந்த எருவே பயிருக்கு உகந்தது என்பது அவர்களது முடிவு. இப்னுல் அவ்வாமின் 'கிதாபுல் ஃபிலாஹா' 1802ஆம் ஆண்டு மத்ரித் நகரில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறி ஐரோப்பியர் கைகளுக்குச் சென்றது.

மண்புழுவை மட்டுமே பொருளாகக் கொண்டு புகழ்பெற்ற நூலை எழுதியவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் டார்வின். அவருடைய ஏனைய கொள்கைகளைப் பற்றி நமக்கு மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் 1837ஆம் ஆண்டு இலண்டன் நிலவியல் கழகத்தில் புழுக்களைப் பற்றிக் கட்டுரை படித்த அவர், 1881ஆம் ஆண்டு அது பற்றிய நூலை வெளியிடும் வரை 40 ஆண்டுகளுக்கும் மேலாக அச்சிற்றுயிரை விடாது கவனித்தார் என்பது எந்த ஆய்வாளனுக்கும் பாடமாகும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்று அவர் கணக்கிட்டார். அந்நூல் வெளிவந்த பத்தே ஆண்டுகளில், 1891ஆம் ஆண்டு, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை தாம் இயற்றிய 'மனோன்மணீயம்' நாடகத்தில் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பைப் போற்றி ஒரு பகுதி அமைத்தார் என்பது தமிழுக்குப் பெருமை.

நியூ காலேஜின் கொடை

நம் காலத்தில், நம் மாநிலத்தில் இத்துறையை மக்களிடம் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சுல்தான் அஹ்மது இஸ்மாயில். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய நியூ காலேஜில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். 1997ஆம் ஆண்டு வெளிவந்த 'வெர்மிகாலஜி', 2005ஆம் ஆண்டு வெளிவந்த மண்புழு பற்றிய நூல் ஆகியவை அவரது எழுத்துகள். 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அமைத்த மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். முஸ்லிம் சமுதாயத்தின் கல்வி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இவ்வறிவு, சமய வேறுபாடின்றி நாடெங்கும் உழவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

அவருடைய அணுகுமுறையின் சிறப்பு, உள்ளூர்ப் புழுக்களுக்கு முதலிடம் தந்ததாகும். இதனை விளங்கிக்கொள்ள மண்புழுக்களின் வகைகளை அறிதல் வேண்டும். மண்ணின் மேற்பரப்பில் இலைச் சருகுகளுக்கிடையே வாழ்ந்து, மட்கும் பொருள்களையே உண்பவை ஒரு வகை. மேல்மண்ணுக்கும் அடிமண்ணுக்கும் இடையே செங்குத்தாக வளையமைத்து ஏறி இறங்குபவை மற்றொரு வகை. மண்ணுக்குள்ளேயே கிடையாக வளை தோண்டி, மண்ணை உண்டு வாழ்பவை இன்னொரு வகை. உரத் தொட்டிகளுக்காக விற்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்னும் செம்புழுவும், யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் ஆப்பிரிக்கப் புழுவும் வெளிநாட்டைச் சேர்ந்த மேற்பரப்பு வகைகள். அவை கழிவை விரைந்து உண்ணும். ஆனால் வயல் மண்ணில் இறங்கி நிலைத்து வாழ்வதில்லை. நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மேற்பரப்பிலும், லாம்பிட்டோ மௌரிட்டி மண்ணுக்குள்ளும் வாழ்பவை. இவ்விரண்டையும் சேர்த்து வளர்த்தால், தொட்டியில் உருவாகும் எருவோடு முட்டைக்கூடுகளும் வயலுக்குச் சென்று, அங்கேயும் புழுக்கள் பெருக வழி பிறக்கும்.

நம் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வு ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகிலுள்ள ஷிவ்ரி பண்ணையில், சோடியம் மிகுந்து களராகிவிட்ட நிலத்தில் ஏ. ஏ. அன்ஸாரியும் சுல்தான் இஸ்மாயிலும் மண்புழு உரத்தைக் கொண்டு உருளைக்கிழங்கு, கீரை, டர்னிப் ஆகியவற்றைப் பயிரிட்டு ஆராய்ந்தனர். மண்ணில் சோடியத்தின் ஆதிக்கம் குறைந்து அதன் தன்மை மேம்பட்டதை அவர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தனர். உப்பால் இறுகிய நிலமும் மீளக்கூடியது என்பதற்கு இது சான்று. குரோமியம் கலந்த நிலத்துக்கு இதே மருந்து போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

வேலூர் நகரமும் இவ்வகையில் பேசப்பட்ட ஊரே. வீடுதோறும் மக்கும் கழிவையும் மக்காத கழிவையும் தனித்தனியே பெற்று, மாட்டுச் சாணத்தின் நுண்ணுயிர்களையும் மண்புழுக்களையும் கொண்டு எருவாக்கும் முறையைப் பரப்பிய வேலூர் சி. சீனிவாசன், 2014ஆம் ஆண்டு ஆமிர் கான் நடத்திய 'சத்யமேவ ஜயதே' தொலைக்காட்சி நிகழ்ச்சி வாயிலாக நாடெங்கும் அறியப்பட்டார்.

புழு எவ்வாறு வேலை செய்கிறது?

மண்புழுவுக்குக் கண்ணில்லை; காதில்லை; பல்லில்லை; நுரையீரலும் இல்லை. ஈரமான தோல் வழியாகவே அது மூச்சு விடுகிறது. எனவே தோல் உலர்ந்தாலும் இறக்கும்; நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனாலும் இறக்கும். வாயால் விழுங்கப்பட்ட உணவும் மண் துகளும் அதன் அரைவைப் பையில் ஆட்டுக்கல்லில் அரைபடுவது போல் நுண்ணியதாக அரைபடுகின்றன. குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மேலும் சிதைக்கின்றன. வெளியேறும் கழிவு சிறு உருண்டைகளாக இருக்கும். தாவரங்கள் எளிதில் உறிஞ்சும் வடிவில் தழை, மணி, சாம்பல் சத்துகளும், பெருமளவு நுண்ணுயிர்களும் அதில் உள்ளன. மண்புழு உரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். யூரியாவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவே. ஆனால் யூரியா பயிருக்கு மட்டும் உணவு. புழு எரு மண்ணுக்கே உணவு. நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் பொலபொலப்பும் மண்ணுக்கு இதனால் உண்டாகின்றன.

மண்புழு ஒவ்வொன்றும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டையும் கொண்டது. எனினும் பெரும்பாலான இனங்களில் இரு புழுக்கள் இணைந்தே முட்டைக்கூடு உருவாகும். ஒரு புழுவை இரண்டாக வெட்டினால் இரு புழுக்கள் ஆகும் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. தலைப்பகுதி சில வேளைகளில் பிழைத்து வாலை வளர்த்துக் கொள்ளலாம். வால் பகுதி முழுப் புழு ஆவதில்லை. ஆகவே தொட்டியைக் கிளறும்போது மண்வெட்டியைப் பயன்படுத்தாமல் கையாலோ மரக்கரண்டியாலோ மெல்லக் கிளற வேண்டும்.

தொட்டி அமைக்கும் முறை

நிழலான இடத்தில், அடியில் துளையுள்ள மண் தொட்டி, சிமெண்டு உறை, பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவற்றுள் ஒன்றை வைக்கலாம். எறும்பு ஏறாதிருக்கச் செங்கல் மீதோ முக்காலி மீதோ வைத்து, கால்களின் அடியில் நீர்க் கிண்ணங்கள் வைப்பது நன்று. அடியில் உடைத்த செங்கல்லும் பருமணலும் சுமார் 5 செ.மீ. உயரம் பரப்ப வேண்டும். இது மிகை நீர் வடிவதற்காக. அதன்மேல் 15 செ.மீ. உயரத்துக்கு நல்ல தோட்டத்து மண்ணை இட்டு ஈரமாக்கி, அதில் புழுக்களை விட வேண்டும். சாண உருண்டைகளை ஆங்காங்கே வைத்து, வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளால் மூடி, மேலே தென்னை ஓலையோ நனைத்த சாக்கோ போட வேண்டும். 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள குழிக்கு ஏறத்தாழ 150 உள்ளூர்ப் புழுக்கள் தொடக்கத்துக்குப் போதும். வீட்டுத் தொட்டிக்கு இதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

பலர் தோல்வியடைவது அவசரத்தால்தான். முதல் 30 நாள்கள் கழிவு எதுவும் இடாமல் ஈரத்தை மட்டும் காத்து வர வேண்டும். புழுக்கள் அம்மண்ணில் குடியேறிப் பெருகும் காலம் அது. அதன்பின் சமையலறைக் கழிவைச் சிறு துண்டுகளாக்கி, 5 செ.மீ. கனத்துக்கு மேற்படாமல் வாரத்துக்கு இரு முறை பரப்பி, மேலே காய்ந்த இலையோ கிழித்த காகிதமோ போட்டு மூட வேண்டும். பச்சைக் கழிவு மட்டும் சேர்ந்தால் நாற்றமெடுக்கும். காய்ந்தது மட்டும் சேர்ந்தால் மட்காது. தொட்டி நிறைந்த பின் கழிவிடுவதை நிறுத்தி, ஈரத்தை மட்டும் காத்து வந்தால் சுமார் 45 நாள்களில் எரு பக்குவமாகும். அப்போது நீர் தெளிப்பதையும் நிறுத்தினால் புழுக்கள் ஈரத்தைத் தேடி அடிமண்ணுக்கு இறங்கிவிடும். மேலுள்ள எருவை எளிதாக வாரிக் கொள்ளலாம்.

செம்புழுவைக் கொண்டு தொடங்குவோருக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ ஆயிரம் புழுக்கள் அரைக் கிலோ எடையிருக்கும்; நன்கு நிலைபெற்ற தொட்டியில் அவை நாளொன்றுக்குக் கால் கிலோ கழிவை உண்ணும். இந்த அளவை மீறினால் கழிவு தேங்கிப் புளித்துவிடும். வேலூர் வட்டாரத்தின் கோடையில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும். தொட்டிக்குள் 35 டிகிரியைத் தாண்டினால் செம்புழு தாங்காது. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டை மாடியில் தொட்டியை வைப்பது புழுக்களைக் கொல்வதாகும். கிணற்றடி மர நிழலே தக்க இடம்.

நம் அடுக்களைக்கு உரிய எச்சரிக்கைகள்

நம் வீடுகளின் உணவுப் பழக்கத்துக்கேற்பச் சில செய்திகளைத் தனியே கூற வேண்டியுள்ளது. பிரியாணியின் எச்சமும் எலும்பும் இறைச்சித் துண்டும் எண்ணெய் மிகுந்த கத்தரிக்காய்க் குழம்பும் தொட்டிக்கு ஆகா. அவை எலிகளையும் ஈக்களையும் அழைக்கும். உப்பும் காரமும் புழுக்களின் தோலைச் சுடும். எலுமிச்சைத் தோலும் வெங்காயச் சருகும் சிறிதளவு மட்டுமே சேரலாம். ஊறுகாய் கூடவே கூடாது. மாறாக, கீரைத் தண்டு, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, தூளாக்கிய முட்டை ஓடு, ரமளான் மாதத்தில் பெருகும் தர்பூசணி, வாழைப்பழத் தோல்கள் ஆகியவை புழுக்களுக்கு மிக விருப்பமானவை. பேரீச்சங்கொட்டை எளிதில் மட்காது. குர்பானிக் கழிவுகளைத் தொட்டியில் இடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதே முறை.

பாலாற்றுப் படுகைக்கே உரிய எச்சரிக்கை இரண்டு உண்டு. முதலாவது நீர். தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதனைத் தொட்டிக்குத் தெளிக்கக் கூடாது. உப்பு, புழுவின் உடல் நீரை வெளியே இழுத்து அதனைக் கொன்றுவிடும். மழை நீரையோ நல்ல குடிநீரையோ பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, தோல் கழிவு. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தோலின் உட்புறத்திலிருந்து வழித்தெடுக்கப்படும் சதைக்கழிவைச் சாணத்தோடும் வேளாண் கழிவோடும் கலந்து செம்புழுவைக் கொண்டு எருவாக்க முடியும் என்று 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அது ஆய்வாளரின் கண்காணிப்பில் நடந்தது. குரோமியம் கலந்த தோல் சீவல்களையும் சுத்திகரிப்பு நிலையச் சேற்றையும் வீட்டுத் தொட்டியில் இடவே கூடாது. கன உலோகங்களைப் புழு அழிப்பதில்லை. அவை எருவிலும் புழுவின் உடலிலும் தங்கி, கீரை வழியாக நம் தட்டுக்கே திரும்பும்.

மார்க்க ஐயங்கள்

இத்துறையில் இறங்கும் முஸ்லிம் குடும்பத்தினர் நான்கு வினாக்களை எழுப்புகின்றனர்.

முதல் வினா, புழு தூய்மையானதா என்பது. ஷாபிஈ மத்ஹபில் நாய், பன்றி, அவற்றின் வழித்தோன்றல்கள் நீங்கலாக உயிருள்ள பிராணிகள் அனைத்தும் தூய்மையானவையே. புழுவைக் கையால் தொடுவதில் தடையில்லை. இறந்த புழுவைப் பொறுத்தவரை, ஓடும் இரத்தமில்லாத சிற்றுயிர்கள் இறப்பதால் நஜீஸ் ஆவதில்லை என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ் எனினும், நீரில் தானாக விழுந்துவிட்டால் மன்னிக்கப்பட்டது.

இரண்டாவது, எரு உடையில் பட்டால் தொழலாமா என்பது. உயிரினங்களின் சாணமும் எச்சமும், உண்ண ஆகுமானவற்றினுடையதாயினும், நஜீஸ் என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. பொருளின் தன்மை முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்னும் 'இஸ்திஹாலா' கோட்பாட்டை அவர்கள் தொடக்கத்தில் கூறிய மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, அசுத்தம் மட்கி மண்ணாகவே ஆகிவிட்டால் அது தூய்மையானது, ஃபத்வாவும் அதன்மீதே. எனவே ஷாபிஈக்கள் தொழுகைக்கு முன் கையையும் உடையையும் கழுவிக் கொள்வதும், ஹனஃபிகள் எரு முழுமையாக மட்கியதா என்று பார்ப்பதும் போதுமானவை. தொட்டிக்கென ஒரு பழைய உடையும் கையுறையும் வைத்துக்கொண்டால் பேணுதலும் எளிதாகும்.

மூன்றாவது, அவ்வெருவில் விளைந்த காய்கறியை உண்ணலாமா என்பது. சாண எருவிடுவதை ஷாபிஈ நூல்கள் அனுமதித்துள்ளன. அதில் விளைந்த பயிர் தூய்மையானது. மேற்பரப்பில் ஒட்டிய எருவைக் கழுவினால் போதும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. ஹன்பலி மத்ஹபில் மட்டும், நஜீஸை உண்டு வளர்ந்த பயிருக்குப் பின்னர்த் தூய நீர் பாய்ச்சப்பட வேண்டும் என்னும் கருத்து உண்டு.

நான்காவது, எருவையும் புழுவையும் விற்கலாமா என்பது. வீட்டிலிருந்தபடியே வருவாய் தேடும் பெண்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. சாணத்தை விற்பதில் குற்றமில்லை என்று ஹனஃபி நூலான 'அல்ஹிதாயா' கூறுகிறது. ஷாபிஈ மத்ஹபில் நஜீஸான பொருளின் விற்பனை செல்லாது. எனினும் அப்பொருளின் மீது தமக்குள்ள உரிமையை விட்டுக் கொடுப்பதற்கு ஈடாகப் பணம் பெறலாம் என்று வழி காட்டியுள்ளனர். புழுவைப் பொறுத்தவரை, பயனற்ற பூச்சிகளை விற்பது கூடாது என்பது பொதுவிதி. ஆனால் மருத்துவத்துக்குப் பயன்படும் அட்டையை விற்பதை ஷாபிஈக்களும், பட்டுப்புழுவை விற்பதை இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களும் ஆகும் என்றனர். தடைக்குக் காரணம் பயனின்மையே. பயன் தெளிவாகிவிட்ட மண்புழுவை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. இறுதி முடிவுக்கு அவரவர் ஊர் உலமாக்களை அணுகுவது நலம்.

செத்த பிராணியின் தோலைப் பதனிட்டு உலகச் சந்தைக்கு அனுப்பக் கற்ற சமுதாயம் நாம். வீசி எறிய வேண்டிய ஒன்றை விலைமதிப்புள்ளதாக மாற்றும் கலை நமக்கு அந்நியமானதன்று. அக்கலையின் பயனை நாம் அனுபவித்தோம். அதன் சுமையை மண்ணும் நீரும் தாங்கின. மூன்றாவது மாற்றத்தை, கழிவை உயிராகவும் உயிரை எருவாகவும் ஆக்கும் மாற்றத்தை, ஒவ்வொரு வீட்டின் கொல்லையிலும் தொடங்க ஒரு மண் தொட்டியும், சிறிது சாணமும், 30 நாள்கள் காத்திருக்கும் பொறுமையும் போதும்.